அரசு ஊழியரைத் திட்டிக்கொண்டே அரசுத் தேர்வு எழுதுகிறோமே, ஏன்?

வெண்ணாற்றங்கரை · 10 ஜூன் 2024, இரவு 10.52

நேற்று குரூப் 4 எழுதிவிட்டு வந்தேன். இது ஐந்தாவது முறை. 200 கேள்வி, மூன்று மணி நேரம். மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஓர் இடத்துக்கு 320 பேர். எங்கள் ஊர்த் தேருக்கு வடம் பிடிக்கக்கூட அத்தனை பேர் சேர்வதில்லை.

தேர்வைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்கவில்லை. முடிந்து வெளியே வந்து டீக்கடையில் நின்றோம், மூன்று பேர். ஒருவர் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. ஒருவர் நகைக்கடன் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். அரைமணி நேரம் அரசு ஊழியர்களைத் திட்டித் தீர்த்தோம். பதினொரு மணிக்கு வருகிறான், பன்னிரண்டுக்கு டீ குடிக்கப் போகிறான், ஒன்றரைக்குச் சாப்பாடு, வேலை எப்போது? என் பங்குக்கு என் பட்டா கதையைச் சொன்னேன். அப்பா காலமான பிறகு எங்கள் பாகத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்றித் தரச் சொல்லி மனுப் போட்டு 14 மாதம் ஆகிறது. இரண்டு முறை நிராகரித்தார்கள். காரணம், ‘ஆவணங்கள் போதவில்லை’. எந்த ஆவணம் என்று கேட்டால் அந்த அலுவலகத்தில் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டுகிறது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், “அப்படியானால் அந்த வேலைக்கே எதற்குத் தம்பி பரீட்சை எழுதிவிட்டு வருகிறீர்கள்?” என்றார்.

மூன்று பேரும் டீயைக் குடித்தோம். பதில் ஒன்றும் வரவில்லை. தனியாரில் வேலை பார்க்கிறவர்கள் சொல்லுங்கள். ‘வேலைப் பாதுகாப்பு’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடாதீர்கள், அது எனக்கும் தெரியும்.

மன்னை விரைவுவண்டி · 11 ஜூன், நள்ளிரவு 12.20

நான் சொல்கிறேன். சோம்பல்தான் காரணம். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பெண் போடுவார்கள். குறைந்தால் வெளியே. அமெரிக்காக்காரன் தூங்கி எழும் நேரத்துக்கு நான் விழித்திருக்க வேண்டும், இப்போதும் அதற்காகத்தான் விழித்திருக்கிறேன். பிடிக்கிற வருமான வரியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தப் பணத்தில் சம்பளம் வாங்குகிறவரிடம் ஒரு சான்றிதழுக்காக வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறி வந்து, திங்கட்கிழமையும் விடுப்புப் போட்டு, கை கட்டி நின்றேன். ‘நெட் இல்லை, நாளைக்கு வாருங்கள்’ என்றார். என் வாடிக்கையாளரிடம் நான் அப்படிச் சொன்னால் அன்று மாலையே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

20 லட்சம் பேரும் இந்த ‘நாளைக்கு வாருங்கள்’ சுகத்துக்காகத்தான் எழுதுகிறார்கள். ஒப்புக்கொள்ளுங்கள்.

கடைமடை · 11 ஜூன், காலை 5.40

தம்பிகள் இரவெல்லாம் விழித்திருந்து எழுதுகிறீர்கள். நான் விடியலில் எழுதுகிறேன்.

நாளை ஜூன் 12. மேட்டூர் திறக்க வேண்டிய நாள். திறக்கப் போவதில்லை, அணையில் தண்ணீர் இல்லை. போன ஆண்டு ஜூன் 12-இல் சரியாகத்தான் திறந்தார்கள். ஜனவரி 28 வரை ஓட வேண்டிய தண்ணீரை அக்டோபர் 10-ஆம் தேதியே மூடினார்கள். எங்கள் பக்கம், தலைஞாயிறுக்குக் கிழக்கே, குறுவை கருகியதைப் பார்த்த என் மகன் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். பின்னலாடைக் கம்பெனியில் இருக்கிறான். ஆர்டர் இருந்தால் சம்பளம், இல்லாவிட்டால் அறையில் படுத்திருக்கிறான். போன் செய்தால், “அங்கே மேட்டூர் என்றால் இங்கே ஆர்டர், அவ்வளவுதான் வித்தியாசம் அப்பா” என்கிறான்.

‘கால் காசு என்றாலும் கவர்ன்மென்ட் காசு’ என்று எங்கள் பக்கம் சொல்வதைச் சோம்பேறிப் பேச்சு என்று நினைக்காதீர்கள். மேட்டூர் நீர்மட்டம் பார்க்காத சம்பளம் இந்த மண்ணில் அது ஒன்றுதான்.

அதற்காக அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் மாட்டேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு ஒன்பது நாள் காவல் கிடந்திருக்கிறேன். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று தள்ளினார்கள். 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்த பிறகு அதே நெல் எப்படிக் காய்ந்தது என்று தெரியவில்லை. ஆனால் வியாபாரியிடம் போனால் தராசும் அவனுடையது, விலையும் அவனுடையது. நிலையத்தில் அரசு சொன்ன விலையாவது கிடைக்கிறது. ஒரு நாள் ஆத்திரத்தில் பட்டியல் எழுத்தரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அவரும் பருவகால ஊழியராம். அறுவடை முடிந்தால் அவருக்கும் வேலை கிடையாது. அதைக் கேட்டபின் கையை எடுத்துவிட்டேன்.

பட்டறைக்காரன் · 11 ஜூன், காலை 9.15

நான் திருவெறும்பூர்க்காரன். அது காவிரி டெல்டாவா என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். கல்லணை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம்.

எங்கள் பக்கம் அரசு வேலை என்றால் தாலுகா ஆபீஸ் அல்ல. பாய்லர் ஆலை, பொன்மலை ரயில்வே பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை. சங்கு ஊதியதும் சைக்கிள்கள் ஆறு மாதிரி போகும். குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் உள்ளேயே. வெளியே நின்று வேடிக்கை பார்த்த பையன்களில் நானும் ஒருவன். இன்று வெளியே ஒரு சின்னப் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறேன். உள்ளே இருக்கும் டர்னரும் வெளியே இருக்கும் நானும் பிடிப்பது ஒரே உளி. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தவறினால் இருவர் பொருளும் கழிவுதான். அவருக்கு மருத்துவம், கருணைத் தொகை, ஓய்வு நாள். எனக்கு ஆர்டர் குறைந்த வாரத்தில் முதலாளி போன் செய்து, “இரண்டு நாள் வரவேண்டாம்” என்பார்.

சோம்பல் என்கிறவரே, நான் கேட்பது அவருடைய ஓய்வை அல்ல. அவர் எந்திரத்தின் முன் நிற்கும்போது அவர் மனதில் அடுத்த வாரம் இல்லை. எனக்கு இருக்கிறது. உளி அதைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று. அந்தக் கோட்டையும் கரைந்துகொண்டிருக்கிறது. துப்பாக்கித் தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 முதல் நேரடி அரசுத் துறை அல்ல, கம்பெனி. எந்தப் பொதுத்துறை ஆலைக்குள் போனாலும் நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்திலேயே ஒப்பந்தத் தொழிலாளி நிற்கிறார். சட்டை நிறம்தான் வேறு.

கோரையாறு டீச்சர் · 11 ஜூன், மாலை 6.30

நேற்றுதான் பள்ளி திறந்தது, அதனால் தாமதம்.

ஒரு தனியார் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். சம்பளப் பதிவேட்டில் 18,000 என்று எழுதியிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். கைக்கு வருவது 9,500. மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை, வேலை உண்டு. வெயிலில் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கைக்குப் பிள்ளை பிடிக்க வேண்டும், ஆளுக்குப் பத்து. இந்த ஆண்டு ஏழுதான் பிடித்தேன். மூன்று குறைந்ததற்குத் தாளாளர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

2013 ஆகஸ்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதினேன். 150-க்கு 96. தேர்ச்சி. பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணையும் சேர்த்து ‘வெயிட்டேஜ்’ போட்டார்கள், பின்னால் தள்ளப்பட்டேன். சான்றிதழ் ஏழு ஆண்டுதான் செல்லும் என்றார்கள், 2021-இல் ஆயுளுக்கும் செல்லும் என்றார்கள். இதற்கிடையே 2018-இல் அரசாணை 149, இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றது. அதையும் இந்தப் பிப்ரவரியில் எழுதினேன். ஆயுள் முழுவதும் தகுதியுள்ளவள் என்று அரசே எழுதிக் கொடுத்த தாள் பீரோவில் இருக்கிறது.

எங்கள் ஆசிரியர் அறையில் தினமும் ஒரு பேச்சு நடக்கும். ‘அரசுப் பள்ளியில் அறுபதாயிரம், எழுபதாயிரம் வாங்கிக்கொண்டு பாடமே நடத்துவதில்லை.’ பேசி முடித்த கையோடு அறிவிக்கை வந்துவிட்டதா என்று கைப்பேசியில் தேடுவோம். அதே நாங்கள்தான்.

எனக்குப் பிள்ளை பிறந்தபோது சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று எங்கோ படித்தேன். பள்ளியில் கேட்டேன். ‘ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள், இடம் காலியாக இருந்தால் பார்க்கலாம்’ என்றார்கள். என் நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை. அவருக்கு ஓராண்டு. அவர் மேல் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது என்பதால். என் மகனை அரசுப் பள்ளியில்தான் சேர்த்திருக்கிறேன். எங்கள் பள்ளியில் அது யாருக்கும் தெரியாது.

மன்னை விரைவுவண்டி · 11 ஜூன், இரவு 11.05

டீச்சர், உங்கள் பள்ளி செய்வது திருட்டு. அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் உங்கள் தாளாளர் கெட்டவர் என்பதால் தாலுகா அலுவலகம் நல்லதாகிவிடாது. வேலை போகாது என்பது ஊழியருக்கு நல்லது. வாசலில் மனுவோடு நிற்கிறவருக்கு அதில் என்ன நன்மை? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

நெறியாளர் · 12 ஜூன், காலை 8.00

இட ஒதுக்கீடு, சாதி குறித்து வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அரசு மாப்பிள்ளைக்கு எத்தனை பவுன் என்ற பட்டியலையும் நீக்கியிருக்கிறேன். அதை எழுதியவர் தரகு பார்க்கிறார் என்று தெரிகிறது.

குடமுருட்டி · 12 ஜூன், இரவு 9.40

நான் இரண்டு பக்கமும் இருந்தவன். 2019 முதல் கிராம நிர்வாக அலுவலர். அதற்கு முன் ஆறு ஆண்டுகள், மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் வசூல்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே நான் வசூலுக்குப் போகும் தெருக்களில் தென்னை ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஐந்தாம் நாள் கிளை மேலாளர் போன் செய்தார். வாரத் தவணை நிற்கக்கூடாது, மேலிடத்து உத்தரவு. போனேன். கூரை இல்லாத வீடு. அந்த அம்மா மட்டைகளை ஒதுக்கி எனக்கு உட்கார இடம் செய்து கொடுத்தார். உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, 480 ரூபாய் கேட்டேன். ஆம், கேட்டேன். கேட்காமல் போயிருந்தால் மறுநாள் என் இடத்தில் வேறொருவன் போய்க் கேட்டிருப்பான், நான் வீட்டில் இருந்திருப்பேன்.

அதே தெருமுனையில் வேறு மாவட்டத்திலிருந்து வந்த மின்வாரிய ஆட்கள் முழங்கால் சேற்றில் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு அந்தத் தெருக்காரர்கள் போட்டார்கள். அவர்களும் நானும் ஒரே நேரத்தில் அங்கே ‘வேலை’யில்தான் இருந்தோம். பிப்ரவரியில் நான் எழுதியிருந்த குரூப் 4 தேர்ச்சி அப்போது கையில் இருந்தது. ஆணை வந்த அன்றே நோட்டை ஒப்படைத்தேன்.

இனிக் கணக்கு, 2024 ஜூன் நிலவரப்படி, ஏனென்றால் தனியார் நண்பர்கள் எங்கள் சம்பளத்தைக் கனவில் எண்ணுகிறார்கள். தொடக்க அடிப்படை ஊதியம் 19,500. அகவிலைப்படி இப்போது 50 விழுக்காடு, 9,750. ஆக 29,250, வீட்டு வாடகைப்படி சொற்பம். இதில் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு 10 விழுக்காடு, 2,925 பிடித்தம். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்த எங்களுக்குப் பழைய மாத ஓய்வூதியம் கிடையாது. ஓய்வு பெறும்போது மொத்தமாக ஒரு தொகை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் என் மாமனாரே நம்பவில்லை. பெண் கொடுத்துவிட்டோமே என்று யோசித்தாரோ என்னவோ.

உங்கள் வைப்புநிதி ஓய்வூதியமும் அப்படித்தான். எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் கணக்கில் எடுப்பது 15,000 வரை. 35 ஆண்டு உழைத்தால் மாதம் 7,500. மன்னை நண்பரும் அந்தக் கணக்கைத் தன் கைப்பேசியில் போட்டுப் பார்க்கலாம்.

‘பத்து முதல் ஐந்தே முக்கால்’ என்பது சுவரில் எழுதியிருக்கிறது. கரை உடைப்பெடுக்கும் இரவில் அந்தச் சுவரைப் படிக்க வெளிச்சம் இருக்காது. மணல் லாரிக்கு முன் நிற்பதும் இந்த வேலைதான். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவர் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அந்த வாரம் என் மனைவி மதியம் மூன்று முறை போன் செய்வாள்.

மன்னை நண்பரின் கேள்விக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. வேலை போகாது என்பதால்தான் லாரிக்காரருக்குப் பின்னால் இருக்கும் அரசியல்வாதி போன் செய்யும்போது, ‘முடியாது ஐயா’ என்று என்னால் சொல்ல முடிகிறது. மாற்றல் வரும், சம்பளம் நிற்காது. மறு பாதி உங்கள் பக்கம். ‘ஆவணங்கள் போதவில்லை’ என்று மொட்டையாக எழுதி மனுவைத் தள்ளுகிறவர்களை எனக்கும் தெரியும். மாதக் கடைசியில் நிலுவை எண்ணிக்கை குறைந்தால் போதும் என்று செய்வது. அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

வெண்ணாற்றங்கரை அண்ணன், உட்பிரிவு என்றால் நில அளவர் வந்தாக வேண்டும், கிராமத்தில் முடியாது. வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் இருக்கின்றனவா? மூலப்பத்திரத்தில் உங்கள் தாத்தா பெயரும் சிட்டாவில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? பாருங்கள். பாதி மனுக்கள் அந்த ஓர் எழுத்தில்தான் விழுகின்றன.

அரசலாற்றுப் பெரியவர் · 13 ஜூன், காலை 7.10

கருவூலத்தில் 36 ஆண்டு. 2018-இல் ஓய்வு. பழைய ஓய்வூதியக்காரன், எனவே கல்லெறிய வசதியான ஆள் நான்தான்.

தம்பி குடமுருட்டி உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஒரு கதை உண்டு. கர்ணம், மணியக்காரர் என்று பரம்பரையாக வந்த பதவிகளை 1980 நவம்பர் 14-இல் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் ஒழித்தது. அதற்கு முன் எங்கள் ஊரில் கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணைதான் அலுவலகம், அதில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதும் எழுதாத சட்டம். தேர்வு எழுதி வந்தவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததை எங்கள் தெருவில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். தேர்வு என்பது உங்களுக்குச் சலிப்பு. திண்ணையில் ஏற முடியாதவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

வேலை போகவே போகாது என்பதும் முழு உண்மை இல்லை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தோம். ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டிக் கைது செய்தார்கள், என்னையும். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றமும் ஆகஸ்டில் சொல்லிவிட்டது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் திரும்பினோம். ஊராட்சிகளில் வேலை பார்த்த மக்கள் நலப் பணியாளர்கள் கதை இன்னும் மோசம். 1991, 2001, 2011 என்று ஆட்சி மாறிய மூன்று முறையும் வெளியே தள்ளினார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. வேலை போன அந்த நாள்களில் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர், ‘இவர்களுக்கு நன்றாக வேண்டும்’ என்று என் காதுபடச் சொன்னார். சொல்லிவிட்டுப் பதினைந்து நாளில் அவரே வந்து, ‘ஐயா, எப்போது திரும்ப எடுப்பார்கள்?’ என்று கேட்டார். அவருடைய பற்றுவரவு நோட்டில் பெரும்பாலும் எங்கள் பெயர்கள்தாம். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் எல்லாம் நெல்லால் பிழைக்கும் ஊர்கள் என்று சொல்வார்கள். தை மாசி போக மற்ற மாதங்களில் எதனால் பிழைக்கின்றன என்று கடைக்காரர்களைக் கேளுங்கள். தம்பி வெண்ணாற்றங்கரை, உங்கள் ஜவுளிக்கடையில் எந்த வாரம் கூட்டம்?

மன்னை தம்பி, உங்கள் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டினார்கள்? சும்மா கேட்கிறேன்.

மன்னை விரைவுவண்டி · 13 ஜூன், இரவு 11.50

அப்பா. கூட்டுறவுத் துறையில் இளநிலை உதவியாளர். வருங்கால வைப்புநிதியில் முன்பணம் எடுத்துக் கட்டினார். நன்றாக மடக்கினீர்கள் ஐயா.

ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. அப்பாவும் கோப்பை மெதுவாகத்தான் நகர்த்தியிருப்பார் என்று நினைக்கிறேன். வீட்டில் மின்கட்டணத்தைக்கூடக் கடைசி நாளில்தான் கட்டுவார்.

வெண்ணாற்றங்கரை · 14 ஜூன், இரவு 11.20

பெரியவர் ஐயா, முதல் வாரம்தான் கூட்டம். இத்தனை ஆண்டு பில் போட்டும் இதை யோசித்ததில்லை.

டீக்கடைக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குக் கிடைத்துவிட்டது போல இருக்கிறது. அழகாக இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

எனக்குச் சம்பளம் 17,000. வைப்புநிதிக்கு 1,800, இ.எஸ்.ஐ.க்கு 128 பிடித்தம். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை. வயது 34. முதலாளியின் மகன் கல்லூரி முடித்து மூன்று மாதம் ஆகிறது. என்னை ‘வா, போ’ என்கிறான். நான் அவனைச் ‘சின்ன முதலாளி’ என்கிறேன். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிப் பட்டா அலுவலகம் போனால், அங்கே வாசலில் தபால் வாங்கும் ஆளையும் ‘சார்’ என்கிறேன். கடையில் நிற்கிறேன், அங்கேயும் நிற்கிறேன். ஒரு நாளில் யார் முன்னாலும் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை.

நான் தேர்வு எழுதுவது சம்பளத்துக்காகவா என்றால், அதற்காகவும்தான். ஆனால் அடியில் இருப்பது மேசைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது. என்னை நிற்க வைத்த மேசைக்கு அந்தப் பக்கம். போனால் நான் மனுவை விரைவாகப் பார்ப்பேனா? உட்காரச் சொல்வேனா? ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்வேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை. சின்ன முதலாளி மேல் இருக்கும் ஆத்திரத்தை யார் மேலாவது இறக்கத்தான் தோன்றும் என்று பயமாக இருக்கிறது.

குடமுருட்டி தம்பி சொன்னதுபோல் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பத்திரத்தில் ‘இராமசாமி’, சிட்டாவில் ‘ராமசாமி’. 14 மாதம்!

பட்டறைக்காரன் · 15 ஜூன், காலை 8.45

அண்ணன், கடையில் நிற்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-லேயே சட்டம் திருத்தியாகிவிட்டது. கடைகள், நிறுவனங்கள் சட்டம், பிரிவு 22-அ. எங்கள் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டினார்கள். ஆலையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதாவை 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்துக்குள் திரும்பப் பெற்றார்களே, அதைப் பற்றிப் பேசிய அதே சங்கக் கூட்டத்தில்தான். தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு மனுக் கொடுங்கள்.

மன்னை விரைவுவண்டி · 15 ஜூன், காலை 9.02

தொழிலாளர் உதவி ஆய்வாளர். ஓர் அரசு ஊழியர். வாழ்த்துகள் அண்ணன், 14 மாதம் கழித்துச் சந்திப்போம்.

கோரையாறு டீச்சர் · 15 ஜூன், இரவு 8.15

எனக்கும் அந்த முகவரி வேண்டும். பள்ளிக்கு அவர் வர முடியுமா, வேறு அலுவலகமா என்று யாராவது சொல்லுங்கள்.

குடமுருட்டி · 15 ஜூன், இரவு 10.30

டீச்சர், தனிச்செய்தி பாருங்கள். கையெழுத்துப் போடும் பதிவேட்டின் நகல் கிடைக்காது. சம்பளம் வங்கியில் வருகிறதா, கையிலா என்பதை முதலில் எழுதி வையுங்கள், மாதவாரியாக.

அண்ணன், இ-யையும் ர-வையும் சேர்த்து ‘இருவரும் ஒருவரே’ என்று ஓர் உறுதிமொழி ஆவணம் தயார் செய்து, மனுவைப் புதிதாகப் போடுங்கள்.

கடைமடை · 3 ஆகஸ்ட், காலை 6.05

இந்த இழையை மேலே கொண்டுவருகிறேன். இன்று ஆடிப்பெருக்கு. ஜூலை 28-இல் மேட்டூர் திறந்தார்கள், 30-ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டது. கொள்ளிடத்தில் வெள்ளமாகப் போகிறதாம். எங்கள் வாய்க்காலில் இன்று பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிப் படையல் போட்டார்கள். மகன் திருப்பூரிலிருந்து வரவில்லை, ஆர்டர் வந்திருக்கிறது.

வெண்ணாற்றங்கரை தம்பி, பட்டா என்ன ஆயிற்று?

வெண்ணாற்றங்கரை · 4 ஆகஸ்ட், இரவு 11.40

ஆடித் தள்ளுபடி, அண்ணன். மூச்சு விட நேரமில்லை. நில அளவர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு மூன்று வட்டத்து வேலை ஒருவர் தலையில் கிடக்கிறது, வேர்த்து வழிந்தார். மோர் கொடுத்தோம், குடித்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. பட்டா இன்னும் கைக்கு வரவில்லை.

இருக்கை விஷயம். ஜூன் கடைசியில் பெயர் போடாமல் ஒரு மனுவைத் தபாலில் அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை, மன்னை நண்பர் சொன்னது சரி என்று விட்டுவிட்டேன். போன புதன்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில், ஒரு அம்மா பையோடு வந்தார். புடவை எடுக்க வந்தவர் என்று நினைத்துப் பட்டுப் பிரிவுக்கு அனுப்பினேன். ஆய்வாளராம். மூன்று தளமும் ஏறி இறங்கிப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு பிளாஸ்டிக் முக்காலிகள் வந்து இறங்கின. நாங்கள் அறுபத்திரண்டு பேர். தளத்துக்கு நான்கு, மூன்றாம் தளத்துக்கு மூன்று. துண்டுத் துணிப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் எட்டு ஆண்டில் முதல் முறையாக வேலை நேரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அழுதுவிட்டார். பிறகு வாடிக்கையாளர் வந்ததும் பழக்கத்தில் எழுந்துவிட்டார்.

மனுப் போட்டது யார் என்று சின்ன முதலாளி ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாளை கணக்குப் பிரிவின் முறை.

அரசலாற்றுப் பெரியவர் · 5 ஆகஸ்ட், காலை 5.50

தம்பி, எழுதியதில் தளம், முக்காலி, ஆள் எண்ணிக்கை எல்லாவற்றையும் உடனே அழித்துவிடுங்கள். அவனும் இணையம் பார்ப்பான்.

நெறியாளர் · 5 ஆகஸ்ட், காலை 6.30

எண்களை மாற்றிவிட்டேன். இப்போது இருப்பவை உண்மையானவை அல்ல. இராமசாமி வேறு பெயர்.